சிறுதொழிலுக்குப் பல்காரணிச் சரிபார்ப்பு: நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்துக்கான வழிகாட்டி

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் ரப்பர் செம்பனைக்கு இடம்விட்ட தோட்டங்களிலும், அவற்றையொட்டி எழுந்த தாமான்களிலும் இயங்கும் மளிகைக்கடை, ஒட்டுக்கடை, வீட்டுப் பலகாரத் தொழில் போன்றவற்றின் வரவுசெலவு இன்று பெரும்பாலும் ஒரே கைப்பேசிக்குள் அடங்கிவிடுகிறது. டுயிட்நவ் கியூஆர் வழியே பணமும், புலனம் எனப்படும் வாட்ஸ்அப் வழியே ஆர்டரும் வரும் நிலையில், மறைச்சொல் ஒன்றை மட்டும் காவலாக வைப்பது போதாது.

பல்காரணிச் சரிபார்ப்பு என்பது ஒருவர் அறிந்தது (மறைச்சொல்), அவர் கையில் இருப்பது (கைப்பேசி), அவர் உடலோடு இருப்பது (கைரேகை, முகம்) என்னும் மூவகைச் சான்றுகளுள் வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டையேனும் கேட்கும் முறையாகும். மறைச்சொல்லோடு தாயாரின் பெயரையும் கேட்பது இதில் சேராது. ஏனெனில் இரண்டுமே அறிந்தது என்னும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

தொடங்க வேண்டிய இடம் வங்கிக் கணக்கு என்றே பலரும் எண்ணுவர். ஆனால் மற்றக் கணக்குகளின் மறைச்சொற்களை மாற்றும் இணைப்புகள் மின்னஞ்சலுக்கே வருவதால், அதைக் கைப்பற்றியவர் முகநூல் பக்கம் முதலான பலவற்றையும் கைப்பற்றிவிட முடியும். ஆகவே முதற்படியாக, மின்னஞ்சலுக்குரிய கூகல் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். அங்கே குறுஞ்செய்தியைத் தெரிவு செய்யாமல் சரிபார்ப்புச் செயலியைத் தெரிவு செய்வது நல்லது. இச்செயலி, இணைக்கும்போது பெற்ற இரகசியத் திறவுகோலையும் கைப்பேசியின் கடிகாரத்தையும் கொண்டு, பெரும்பாலும் 30 நொடிக்கு ஒரு முறை புதிய 6 இலக்க எண்ணை உருவாக்குகிறது. அதற்கு அலைவரிசை தேவையில்லை. செம்பனைக் காட்டின் உட்பகுதியில் குறுஞ்செய்திக்காகக் காத்துக் கிடப்பவர்களுக்கு இது மிகவும் பொருத்தமான முறை. கைப்பேசியின் நேரம் தானாகச் சரியாகும்படி அமைந்திருந்தால் போதும்.

குறுஞ்செய்தியில் வரும் சரிபார்ப்பு எண்ணின் பலவீனத்துக்கு உள்ளூரிலேயே சான்று உண்டு. திருமண அழைப்பிதழ் என்று சொல்லிப் புலனத்தில் அனுப்பப்படும் ஏபிகே வகைச் செயலிக் கோப்பைத் திறந்து நிறுவினால், அது குறுஞ்செய்திகளைப் படித்து, வங்கி அனுப்பும் டிஏசி எனப்படும் ஒப்புதல் எண்ணைத் திருடர்களிடம் சேர்த்துவிடும். இத்தகைய மோசடிகள் பெருகியதால்தான் பேங்க் நெகாரா மலேசியா 2022 செப்டம்பரில், குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைகளுக்கு மாறுமாறு வங்கிகளைப் பணித்தது. மேபேங்கின் செக்யூர்டூயூ போன்ற செயலிவழி ஒப்புதல்கள் இவ்வகையின. இவற்றைப் பயன்படுத்துவோர், ஒப்புதல் பொத்தானைத் தொடுமுன் திரையில் தெரியும் பெறுநர் பெயரையும் தொகையையும் படிக்க வேண்டும்; படிக்காமல் ஒப்புதல் தருபவரை எந்தச் செயலியாலும் காப்பாற்ற முடியாது.

அடுத்து, புலனத்தின் அமைப்புகளில் கணக்கு என்னும் பகுதிக்குச் சென்று, இரண்டு படிச் சரிபார்ப்பில் 6 இலக்க இரகசிய எண்ணொன்றை அமைத்து, மீட்புக்காக மின்னஞ்சலையும் பதிய வேண்டும். பிறகு, குறுஞ்செய்தியில் வந்த பதிவு எண்ணை யாரேனும் ஏமாற்றி வாங்கினாலும், இந்த இரகசிய எண் இல்லாமல் கணக்குக்குள் நுழைந்து கடையின் பெயரில் வாடிக்கையாளர்களிடம் கடன் கேட்க இயலாது.

தோட்டப்புறத்தில் பெரிதும் கவனிக்கப்படாதது, இரண்டாவது சான்று யார் கையில் இருக்கிறது என்பதாகும். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது தங்கள் கைப்பேசியிலேயே கடைக் கணக்குகளை அமைத்துத் தந்துவிட்டுப் போவதுண்டு. பின்னர் ஒவ்வொரு நுழைவுக்கும் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து எண்ணைக் கேட்கும் பழக்கம் வேரூன்றுகிறது. எண்ணைத் தொலைபேசியில் சொல்லிப் பழகிய குடும்பம், வங்கி அதிகாரியாக நடிப்பவரிடமும் எளிதில் சொல்லிவிடும். எனவே சரிபார்ப்புச் செயலி கடை உரிமையாளரின் கைப்பேசியில்தான் இருக்க வேண்டும். கைப்பேசி தொலைந்தால் உதவுவதற்காகக் கூகல் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை (ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டுமே செல்லும்) தாளில் எழுதி, நிலப்பட்டா முதலான ஆவணங்களோடு பூட்டி வைக்கலாம். அவற்றைப் படம் எடுத்து அதே கைப்பேசியில் வைப்பதால் பயனில்லை. பழைய கைப்பேசியை விற்குமுன் செயலியைப் புதியதற்கு மாற்றி, நுழைந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். உதவியாளர் வேலையை விட்டு நீங்கினால், அவர் கைப்பேசியை எல்லாக் கணக்குகளிலிருந்தும் அன்றே நீக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் பறிபோனால், உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ வங்கியின் அவசர எண்ணையோ அழைத்து, பின்னர் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். திருடப்பட்ட பணம் இரவல் கணக்குகள் வழியே விரைவாக இடம் மாறும் என்பதால், உறவினர்களிடம் ஆலோசனை கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.