அடுப்பு இரண்டானால் குடும்பமும் இரண்டா?

கேள்வி: அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகத் தனித்தனியே சமைத்து வாழ்கிறார்கள். இது கூட்டுக்குடும்பமா, இல்லையா?

பதில்: மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருபவர் தயங்காமல் இரண்டு குடித்தனம் என்று எழுதிக்கொள்வார். இந்தியக் கணக்கெடுப்பில் சேர்ந்து வசித்து ஒரே சமையலறையில் சாப்பிடுபவர்கள்தான் ஒரு குடித்தனம். ரத்த உறவுகூட அவசியமில்லை. ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடும் அறை நண்பர்களும் ஒரு குடித்தனமே.

1953-இல் மானுடவியலாளர் ஐராவதி கார்வே கூட்டுக்குடும்பத்துக்குத் தந்த இலக்கணமும் கறாரானது: உறவினர்கள், ஒரே கூரை, ஒரே அடுப்பு, பொதுச் சொத்து, பொது வழிபாடு.

குஜராத்தின் மஹுவா நகரை ஆராய்ந்த சமூகவியலாளர் ஐ. பி. தேசாய் வேறு வழியில் போனார். தனித்தனியே வசித்தவர்களையும் சொத்தும் கொடுக்கல் வாங்கலும் கடமைகளும் பிணைத்திருப்பதைக் கண்டு, கூட்டுத்தன்மையை உறவுகளில் தேடச் சொன்னார். குடும்பத்தையும் குடித்தனத்தையும் பிரித்தறிய வேண்டுமென இன்னொரு சமூகவியலாளர் ஏ. எம். ஷா 1973-இல் தனி நூலே எழுதினார்.

ஆகவே, இந்தச் சகோதரர்கள் விஷயத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. பாகப்பிரிவினை ஆகிவிட்டதா? அம்மாவின் மருந்துச் செலவு யாருடையது? குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது சேர்ந்தா, தனித்தனியா? பதிலைப் பொறுத்து, குடித்தனம் இரண்டாகவும் குடும்பம் ஒன்றாகவும் இருக்கலாம்.