டிசம்பர் மராத்தானுக்கு முன்னால் எந்தப் பந்தயத்தில் ஓடலாம்?

டிசம்பர் தொடக்கத்தை ஒட்டி நடக்கும் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் சிங்கப்பூர் மராத்தானுக்குப் பணம் கட்டிவிட்டவருக்கு ஜூலை, ஆகஸ்டிலேயே ஒரு குழப்பம் தொடங்கிவிடும். வாட்ஸ்அப் குழுவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தய இணைப்புகள் வந்து விழும். நண்பர் ஒருவர் 10 கிலோமீட்டருக்குக் கூப்பிடுவார். அலுவலகத்தில் அணி சேர்த்து அரை மராத்தானுக்குப் பெயர் கொடுப்பார்கள். சனிக்கிழமை காலையில் பூங்காவில் 5 கிலோமீட்டர் ஓட்டம் இலவசமாகவே நடக்கிறது. எதையும் விட மனம் வராது. ஆனால் அத்தனையிலும் முழுமூச்சாக ஓடியவர், 42.195 கிலோமீட்டருக்கான தொடக்கக் கோட்டுக்குக் களைத்த கால்களோடுதான் வந்து சேர்வார்.

பயிற்சிக் காலத்தில் ஓடும் பந்தயத்தால் மூன்று நன்மைகள் உண்டு. இப்போதைய வேகம் என்னவென்று தெரியும். விடியலுக்கு முன் எழுவது, சாப்பிடுவது, கூட்டத்தில் காத்து நிற்பது, ஓடிக்கொண்டே குடிப்பது எல்லாவற்றுக்கும் ஒத்திகை கிடைக்கும். தனியாக ஓடும்போது எட்ட முடியாத வேகத்தைக் கூட்டம் வரவழைக்கும். எந்தப் பந்தயமும் இந்த மூன்றையும் ஒரே அளவில் தருவதில்லை. ஆகவே பந்தயத்தின் பெயரையோ பதக்கத்தையோ பார்ப்பதற்கு முன், அது பயிற்சியின் எந்த வாரத்தில் வருகிறது, அந்த வாரத்துக்கு என்ன தேவை என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி.

இரு தமிழரின் நேரங்களும் ஒரு சூத்திரமும்

குறுகிய பந்தயத்தின் நேரத்தை வைத்து நீண்ட பந்தயத்தைக் கணிக்கப் பலரும் பயன்படுத்துவது அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல் 1977இல் வெளியிட்ட சூத்திரம். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கைவிடச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 2.085 மடங்காகும் என்பது அதன் சாரம்.

சிங்கப்பூரின் ஓட்ட வரலாற்றிலேயே இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய பி.சி. சுப்பையா, 1973இல் 10,000 மீட்டரை 31 நிமிடம் 19 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். அது 2014 வரை 41 ஆண்டுகள் நிலைத்தது. 1995இல் சியாங் மாய் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் எம். ரமேஷன் மராத்தானை 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் முடித்தார். அந்தத் தேசியச் சாதனையை 2019இல்தான் சோ ருய் யோங் முறியடித்தார். சுப்பையாவின் நேரத்தை ரீகல் சூத்திரத்தில் போட்டால் மராத்தானுக்குக் கிடைக்கும் விடை 2 மணி 24 நிமிடம் 4 விநாடி. ரமேஷனின் நேரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் 18 விநாடிதான்.

இந்தக் கணக்கு அந்தத் தரத்து ஓட்டக்காரர்களுக்குப் பொருந்துகிறது. வேலைக்குப் போய்வந்து ஓடுபவருக்கு அப்படியே பொருந்தாது. ஆண்ட்ரூ விக்கர்ஸ், எமிலி வெர்டோசிக் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, அரை மராத்தான் வரைக்கும் ரீகல் கணிப்பு நன்றாகவே இருக்கிறது. முழு மராத்தானில் மட்டும், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான நேரம் கணிப்பைவிடக் குறைந்தது 10 நிமிடமாவது கூடிவிடுகிறது. சிங்கப்பூரின் ஈரப்பதத்தையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் தாராளமாக ஒதுக்க வேண்டும். அரை மராத்தானை 2 மணி நேரத்தில் ஓடியவருக்குச் சூத்திரம் 4 மணி 10 நிமிடம் என்று சொல்லும். அவர் 4 மணி 30 நிமிடத்துக்கான வேகத்தில் தொடங்கினால் கடைசி 10 கிலோமீட்டரில் நடக்க வேண்டிய நிலை வராமல் தப்பலாம்.

சனிக்கிழமை 5 கிலோமீட்டர்: பார்க்ரன்

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் 2014இல் தொடங்கிய பார்க்ரன், இப்போது வெஸ்ட் கோஸ்ட், பீஷான் - அங் மோ கியோ பூங்காக்களிலும் நடக்கிறது. காலை 7.30க்குத் தொடக்கம். கட்டணம் இல்லை, பதக்கமும் இல்லை. ஒருமுறை பதிவு செய்து பார்கோடை எடுத்துச் சென்றால் நேரம் குறித்துத் தருவார்கள்.

இதன் பெரிய பலம், எந்த வாரத்திலும் சேரலாம், எந்த வாரத்திலும் விடலாம் என்பது. மாதம் ஒருமுறை ஒரே பூங்காவில் ஓடினால் முன்னேற்றம் எண்ணிக்கையில் தெரியும். 8 கிலோமீட்டர் மெதுவாக ஓடிவிட்டு, பார்க்ரனில் வேகமாக 5, பிறகு மெதுவாக 5 என்று ஓடினால் 18 கிலோமீட்டருக்கு நல்ல பயிற்சி ஆகிவிடும்.

குறையும் உண்டு. சூரியன் 7 மணியை ஒட்டி உதிப்பதால் ஓட்டம் முழுக்க வெளிச்சத்திலும் ஏறும் வெயிலிலும் நடக்கும். இருட்டில் தொடங்கும் மராத்தானுக்கு இது ஒத்திகை ஆகாது. 5 கிலோமீட்டர் நேரத்தை வைத்து மராத்தானைக் கணிப்பதும் நம்பத்தக்கதல்ல.

10 கிலோமீட்டர்

மராத்தானுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் முன்பு 10 கிலோமீட்டர் பந்தயம் மிகப் பொருத்தம். வேகப் பயிற்சிக்கு மாற்றாக இது அமையும். உடலும் ஒரு வாரத்துக்குள் தேறிவிடும்.

2009 முதல் நடந்துவரும் மஞ்சள் ரிப்பன் சிறைச்சாலை ஓட்டம் பெரும்பாலும் செப்டம்பரில் வரும். சாங்கி வட்டாரத்தில் ஓடிச் சிறைச்சாலை வளாகத்தை அடையும் பாதை அது. தண்டனை முடித்து வருவோருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பாதையில் ஏற்ற இறக்கம் உண்டு என்பதால் சொந்தச் சாதனை நேரத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. முயற்சியின் அளவைச் சீராக வைத்து ஓடிப் பழக அது நல்ல இடம். நேரத்தைத் துல்லியமாக அறிய விரும்புபவர் மரினா பே, விளையாட்டு நடுவம் பக்கம் நடக்கும் சமதளப் பந்தயத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

பந்தயத்துக்கு முன் 3 கிலோமீட்டர், பின் 5 கிலோமீட்டர் மெதுவாகச் சேர்த்து ஓடினால் அந்த வார இறுதியின் தூரமும் குறையாது.

அரை மராத்தான்

ஒரே ஒரு பந்தயத்துக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்றால், மராத்தானுக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு வரும் 21.1 கிலோமீட்டரே முதல் தேர்வு. விடியலுக்கு முந்தைய தொடக்கம், நீண்ட நேரம் சீரான வேகம், வழியில் ஜெல் விழுங்குவது, நீர் மேசைகளைக் கையாள்வது என எல்லாமே டிசம்பரை ஒத்திருக்கும்.

1992இல் தொடங்கிய ராணுவ அரை மராத்தான், தேசிய சேவையாளர்கள் அணி அணியாகக் கலந்துகொள்ளும் பந்தயம். ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறினாலும் அது டிசம்பருக்கு வெகு முன்னதாகவே வந்துவிடும். ஆகவே அதை அடித்தள வலிமையைச் சோதிக்கும் ஓட்டமாக எடுத்துக்கொள்ளலாம். 2006 முதல் நடக்கும் கிரேட் ஈஸ்டர்ன் மகளிர் ஓட்டம் வழக்கமாக ஆண்டின் பிற்பகுதியில் வருவதால், பெண்களுக்கு டிசம்பருக்கான ஒத்திகையாக அமையும். சிங்கப்பூரில் நடந்த 1983 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் மராத்தான் தங்கத்தை வென்றவர் கே. ஜெயமணி. அவருடைய நாட்டில் இன்று நெட்டோட்டத்துக்குத் தயாராகும் தமிழ்ப் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து பயிற்சி செய்ய இது நல்ல வாய்ப்பு. மகளிர் ஓட்டம் ஓர் ஆண்டில் மராத்தானுக்கு மூன்று வாரத்துக்குள் வந்தால் மட்டும், 21.1க்குப் பதில் 10 கிலோமீட்டர் பிரிவில் சேர்வது நல்லது.

நீர் மேசை ஒரு சின்ன விஷயம்போலத் தெரியும். முதல் மேசையில் கூட்டம் முட்டிக்கொள்ளும், கடைசி மேசை காலியாக இருக்கும். கோப்பையின் விளிம்பைக் கிள்ளி மடக்கினால் மூக்கில் ஏறாமல் ஓடியபடியே குடிக்கலாம். 100பிளஸ் பானம் சிந்திய இடத்தில் காலணி ஒட்டும். நீர் சிந்திய வெள்ளைக்கோடு வழுக்கும். இவற்றைப் பழகிக்கொள்ள அரை மராத்தானே சரியான இடம்.

தாகம் எடுக்காமலேயே எல்லா மேசையிலும் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓட்டத்துக்குப் பிறகு எடை கூடியவர்களுக்கே அந்த வாய்ப்பு அதிகம். அரை மராத்தானுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், தன் உடம்பு எவ்வளவு வியர்க்கிறது என்பது தெரிந்துவிடும்.

பந்தயமே வேண்டாம் என்றால்

முதன்முறை மராத்தான் ஓடுபவருக்கு வேகத்தைவிட நீண்ட தூரம்தான் பெரிய தேவை. வாரந்தோறும் தூரத்தைக் கூட்டி 30 கிலோமீட்டர் வரை கொண்டுபோவதைப் பந்தயங்கள் குலைத்தால், அவற்றை விடுவதே நல்லது. தஞ்சோங் பகாரில் இருந்து உட்லண்ட்ஸ் பக்கம் வரை நீளும் 24 கிலோமீட்டர் ரயில் காரிடாரில் போக்குவரத்து விளக்குத் தொல்லை குறைவு. லிட்டில் இந்தியாவில் இருப்பவர் சிராங்கூன் சாலையின் வடக்கே காலாங் ஆற்றங்கரைப் பாதையைப் பிடித்து விளையாட்டு நடுவத்துக்கு ஓடி, அங்கிருந்து ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போகலாம். மழை கொட்டினால் தேசிய விளையாட்டரங்கத்தைச் சுற்றிக் கூரையோடு நடைபாதை இருக்கிறது.

எவ்வளவு வேகமாக ஓடுவது?

எந்தப் பந்தயமானாலும் மூன்று வகையில் ஓடலாம். முழுவேகத்தில் ஓடுவது ஒன்று. மராத்தானுக்குத் திட்டமிட்ட வேகத்திலேயே ஓடுவது இரண்டாவது. சாதாரண நீண்ட ஓட்டமாக எடுத்துக்கொள்வது மூன்றாவது. 4 மணி 30 நிமிட இலக்கு உள்ளவரின் மராத்தான் வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி. அந்த வேகத்தில் அரை மராத்தான் 2 மணி 15 நிமிடத்தில் முடியும். முந்திச் செல்பவர்களைப் பார்த்து அவசரப்படாமல் இந்த வேகத்தைப் பிடித்து ஓட முடிந்தால், அதுவே டிசம்பருக்குப் பெரிய பலன்.

முழுவேகத்தில் ஓடும் பந்தயம் பயிற்சிக் காலம் முழுவதற்கும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். அதற்குப் பிறகான ஓய்வுக்கு, 1974 காமன்வெல்த் போட்டியில் 41 வயதில் மராத்தான் வெள்ளி வென்ற நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் கடும் பயிற்சி கூடாது. 5 கிலோமீட்டருக்கு 3 நாள், 10க்கு 6 நாள், அரை மராத்தானுக்கு 13 நாள். அரை மராத்தானை இரண்டு வாரத்துக்கு முன்பு ஓடுவது ஏன் தவறு என்பதும் இதிலிருந்தே புரியும்.

வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய வெப்ப அழுத்த ஆலோசனையின்படி, வெப்பநிலையோடு ஈரப்பதம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீடு 31 பாகை செல்சியஸைத் தொட்டால் மிதமான ஆபத்து, 33ஐத் தொட்டால் கடும் ஆபத்து. தாமதமாகத் தொடங்கும் பந்தயத்தில் முழுவேகத் திட்டத்தைக் கைவிடுவதே பாதுகாப்பு.

புரட்டாசி முதல் தீபாவளி வரை

பொதுவான பயிற்சி அட்டவணைகள் சொல்லாத ஒன்று தமிழ் வீடுகளில் உண்டு. செப்டம்பர் நடுவிலிருந்து புரட்டாசி. சைவத்துக்கு மாறுபவர்கள் பருப்பு, தயிர், தவ்கூவா, கொண்டைக்கடலையைக் கூட்டிக்கொள்ளாவிட்டால், பந்தயத்துக்குப் பின் தசை தேறத் தேவையான புரதம் போதாது. அடுத்துத் தீமிதி. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் இருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நடந்து சென்று பூக்குழி இறங்குபவர் அந்த வார இறுதியிலும் அடுத்ததிலும் பந்தயம் வைத்துக்கொள்ளக் கூடாது.

பிறகு தீபாவளி. அது பெரும்பாலும் அக்டோபர் பிற்பாதிக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில் வரும். டிசம்பர் மராத்தானுக்கு மிக நீண்ட ஓட்டங்கள் அமைய வேண்டிய வாரங்களும் அவையே. முந்தைய இரவு தூக்கம் கெடும், பலகாரம் வயிற்றில் கனக்கும். அந்த வார இறுதியை முன்கூட்டியே எளிய வாரமாகக் குறித்துவிட்டு, 30 கிலோமீட்டரையோ அரை மராத்தானையோ அதற்கு முந்தைய ஞாயிறுக்கு நகர்த்தினால் பண்டிகையும் பயிற்சியும் மோதாது. கந்த சஷ்டி விரதம் இருப்பவருக்கு அடுத்த வாரமும் மெதுவான ஓட்டமே ஏற்றது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஏற்கெனவே மராத்தான் ஓடியவருக்கான அட்டவணை இப்படி அமையும்: ஆகஸ்டில் பார்க்ரன் ஒன்று, செப்டம்பரில் முழுவேகத்தில் 10 கிலோமீட்டர், அக்டோபர் இறுதியை ஒட்டி மராத்தான் வேகத்தில் அரை மராத்தான். முதன்முறை ஓடுபவருக்கு ஒரு 10 கிலோமீட்டரும், நீண்ட ஓட்டமாக எடுத்துக்கொள்ளும் ஓர் அரை மராத்தானும் போதும். கடைசி மூன்று வாரங்களில் தூரம் படிப்படியாகக் குறைய வேண்டும்; அப்போது முன்பே திட்டமிட்டதைத் தவிரப் புதிய பந்தயம் எதிலும் பெயர் கொடுக்கக் கூடாது. அந்த வாரங்களில் சும்மா இருக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பார்க்ரன் முழுக்கத் தன்னார்வலர்களால் நடப்பது. நேரம் குறிக்கவும் பார்கோடு சரிபார்க்கவும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே ஆள் தேவைப்படுகிறது.