மிதவை வாங்கும் முன்

கடல் பிளாஸ்டிக்கை அள்ள எந்த இயந்திரம் வாங்கலாம் என்று கடலோர நகராட்சிகளும் தன்னார்வக் குழுக்களும் கேட்பதுண்டு. பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம் கைக்கு வந்திருக்கும். மார்ச் முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கடலுக்குப் போகாதீர்கள், ஆற்றிலேயே மறியுங்கள்.

நடுக்கடலில் அள்ளுவது எவ்வளவு பாடு என்பதை ‘தி ஓஷன் கிளீனப்’ அமைப்பு பட்டுத் தெரிந்துகொண்டது. 2018 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய அதன் 600 மீட்டர் மிதவை, சேர்ந்த குப்பையைத் தக்கவைக்க முடியாமல், ஆண்டிறுதியில் ஒரு துண்டு உடைந்து கரைக்குத் திரும்பியது. பின்னால் வந்தவை அள்ளின. ஆனால் இழுக்க இரண்டு கப்பல் வேண்டியிருந்தது. குப்பை பிடிக்கப் படகுத்துறையில் வைக்கும் ‘சீபின்’ தொட்டியையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இங்கிலாந்தின் பிளிமத்தில் சோதித்தபோது, ஏறக்குறைய நான்கு குப்பைத் துண்டுக்கு ஒரு கடலுயிர் அதில் சிக்கியது.

ஆற்றுக்கு மிதவைத் தடுப்பே போதும். சென்னையில் கூவத்தின் குறுக்கே போட்டிருப்பதைப் போல. எங்கே, எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதில்தான் காரியம் இருக்கிறது. நேர் குறுக்காகக் கட்டினால் குப்பை நடு ஆற்றில் குவியும், எடுக்க முடியாது. நீரோட்டத்துக்குச் சாய்வாகக் கட்டுங்கள்; அது குப்பையை ஒரு கரைக்கு ஒதுக்கித் தரும். அந்தக் கரையில் ஜேசிபி நிற்கவும் லாரி வரவும் வழி வேண்டும். வழியில்லாத இடம் எவ்வளவு வாட்டமாகத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். முகத்துவாரத்தை ஒட்டியும் வேண்டாம்: கடல்நீர் ஏறும்போது ஓட்டம் திரும்பி, பிடித்த குப்பை மேலாற்றுக்கே போய்விடும். மீனவர் படகு போகும் வழியென்றால், அவர்களைக் கேட்காமல் ஒரு கம்பிகூட இழுக்காதீர்கள்.

வெள்ளத்தை நினைத்துக் கட்டுங்கள். குவாத்தமாலாவில் 2022-ல் மோட்டாகுவா ஆற்றுப் படுகையில் ‘தி ஓஷன் கிளீனப்’ நிறுத்திய இரும்பு வேலியின் அடிமண்ணை வெள்ளம் அரித்தது, வேலி நிற்கவில்லை. அடுத்த ஆண்டு மிதவைக்கு மாறினார்கள். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையோடு ஆகாயத்தாமரையும் சேர்ந்து வந்து முட்டும். ஒரு முனையை அவிழ்த்துக் கரையோரம் ஒதுக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அவிழ்ப்பது யார் பொறுப்பு என்பதையும் மழைக்கு முன்பே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால், பாலத்தடியில் அடைத்து ஊருக்குள் தண்ணீர் ஏறியபின் பழி உங்கள் தலையில்தான் விழும்.

விற்பவர் ‘இத்தனை டன் அள்ளினோம்’ என்பார். ஆகாயத்தாமரையைக் கழித்து எத்தனை என்று கேளுங்கள். எடையில் பெரும்பங்கு அதுவாகவே இருக்கலாம்.

அள்ளியது எங்கே போகும்? அமெரிக்காவின் பால்டிமோரில் 2014 முதல் ஆற்று நீரே சுழற்றும் சக்கரம் ஒன்று குப்பையை வாரித் தொட்டியில் போடுகிறது. அதை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நமக்குக் கிடைப்பது சேறு படிந்த பாக்கெட் உறை; பழைய பிளாஸ்டிக் வாங்குபவர் தொட மாட்டார். காய வைத்துத் தரம் பிரித்தால், சிமென்ட் ஆலைகள் தங்கள் சூளைக்கு எரிபொருளாக எடுக்கக்கூடும். ஆலையோடு பேசி முடிக்காமல் மிதவைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். தரம் பிரிக்க இடம், ஆட்களுக்குக் கையுறை, பூட்ஸ், மாதக் கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்து, வந்த பணத்தில் பாதியை முதலிலேயே எடுத்து வையுங்கள். மிச்சத்துக்கு எவ்வளவு நீள மிதவை வருகிறதோ அது போதும்.