குப்பத்து மணல் வரைபடத்தில் இருக்கிறதா?

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஒரே வீட்டில் மூன்று குடும்பம் நெருக்கியடித்துக் கிடக்கும்போது, அடுக்குமாடியில் வீடு கொடுத்தால் வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய கேள்விதான்.

வீடு எந்த இடத்தில் என்று முதலில் கேள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் சனம் செம்மஞ்சேரிக்குப் போனது. கடல் தெரியாத இடத்திலிருந்து எவன் காற்றுப் பார்த்துத் தொழிலுக்குப் போவான்? விடியுமுன் ஏலத்துக்கு நிற்க வேண்டிய பெண்கள் எதில் வருவார்கள்?

கடல் ஏறுகிறது, தள்ளிப் போங்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஏறுவது மெய்தான், மறுக்காதே. ஆனால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கான 2019 அறிவிக்கை நகரக் கடலோரத்தில் 1991-ஆம் ஆண்டு விதியோடு நிறுத்தி வைத்திருந்த தளப்பரப்பு வரம்பைத் தளர்த்திவிட்டது. நமக்கு ஆபத்தான கரை பெரிய கட்டடங்களுக்கு மட்டும் எப்படி ஆகிவரும்? இதை அவர்கள் நடத்தும் கூட்டத்தில் கேள்.

கடல் அரிப்பைத் தடுக்க நம் ஆட்களே கரையில் கல் கொட்டச் சொல்வார்கள். அதற்கு மட்டும் தலையாட்டாதே. இந்தச் சென்னைக் கரையில் வருடத்தில் பல மாதம் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் தெருத்தெருவாகத் தின்றது. அங்கே கல் போட்டார்கள், அரிப்பு அதற்கும் வடக்கே போனது. நாம் கல் கேட்டால் அடுத்த குப்பத்தின் வீடுகளைத்தான் கடலுக்குக் கொடுக்கிறோம். அங்கிருப்பவர்களும் நம் உறவுதான்.

கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைபடத்தை வாங்கிப் பார். வீடு அதில் இருக்கும், ஆனால் வலை காயும் மணலும், போட் ஏற்றும் இடமும், கருவாடு போடும் மேடும் வெறும் இடமாகக் கிடக்கலாம். வெறும் இடத்தைத்தான் சாலைக்கும் கடைக்கும் கேட்பார்கள். மீனவர் பொது இடங்களையும், பெருகும் குடும்பங்களுக்கு வேண்டிய வீட்டு நிலத்தையும் திட்டத்தில் காட்ட வேண்டும் என்று 2011 அறிவிக்கையிலேயே இருக்கிறது. சட்டம் படிக்கிறவள் நீ, அந்தப் பத்தியைத் தேடி எடு.

பெரியவர்களோடு கரையை நடந்து எல்லை குறி. கருவாட்டு மேட்டைப் பெண்களிடம் கேள், ஆண்கள் அதை மறந்துவிடுவார்கள். பிறகு பஞ்சாயத்தார் கையெழுத்தோடு அதிகாரிகளின் அலுவலகத்தில் மனு கொடு. நகலில் முத்திரை வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு இறங்காதே.

அன்புடன்,
பெரியப்பா