காதோடு கணக்கும் வேண்டும்

கல்முனைப் பக்கம் ஒலிப்பதிவுக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளிக்கிழமை பயான், நோன்பு காலத்து இரவுச் சொற்பொழிவு, மத்ரஸாப் பிள்ளைகளின் கிராஅத், கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் ஓதும் மௌலித் என்று வருஷம் முழுக்க யாராவது பதிந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பதிந்தது வாட்ஸ்அப்பில் ஏறி, டோஹாவிலும் ரியாத்திலும் இருக்கிற நம் பிள்ளைகளின் காதுவரை போகிறது. அதற்கு முன் அதன் சத்தத்தைச் சமப்படுத்திக் கொடுப்பது என் வேலை. எனக்குக் கண் பார்வை இல்லை. கணினித் திரையில் இருப்பதை என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வாசித்துச் சொல்ல, விசைப்பலகையாலேயே எல்லாம் செய்கிறேன்.

இந்த வேலை எனக்குக் கற்றுத் தந்த முதற் பாடம், காதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதுதான். காது சீக்கிரம் பழகிப்போகும். மெல்லிய குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் அதுவே போதுமான சத்தமாகத் தோன்றும். பார்வையுள்ளவர்கள் அலைவடிவத்தைப் பார்த்து ஏற்ற இறக்கத்தைப் பிடித்துவிடுகிறார்கள். அந்தப் படத்தைத் திரைவாசிப்பானால் வாசிக்க முடியாது. ஆனால் அதே விபரம் மென்பொருளுக்குள் எண்ணாகவும் கிடக்கிறது. எண்ணை அது தெளிவாக வாசிக்கும். அந்த எண்களை எங்கே தேடுவது என்று தெரிந்தால் போதும், பக்கத்தில் ஆள் தேவையில்லை.

வாசிப்பானின் குரலைப் பிரித்து வையுங்கள்

அளக்கும் நேரத்தில் இரண்டு குரல்கள் காதில் மோதினால் எதையும் நிதானிக்க முடியாது. என்விடிஏயின் 2024.2 பதிப்பிலிருந்து இதற்கு வழி இருக்கிறது. என்விடிஏ விசையோடு ஆல்ட், எஸ் இரண்டையும் அழுத்தினால் வாசிப்பான் ஒரு காதிலும் மற்றச் சத்தமெல்லாம் மறு காதிலும் கேட்கும். இடது வலது சமநிலையைச் சோதிக்கும்போது மட்டும் இதை நிறுத்திவிடுங்கள். வாசிப்பான் பேசும்போது மற்றச் சத்தத்தைத் தானாகக் குறைக்கும் 'ஆடியோ டக்கிங்' வசதியையும் அணைத்து வையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் கேட்கும் ஏற்ற இறக்கம் பதிவில் உள்ளதா, வாசிப்பான் உண்டாக்கியதா என்று பிரித்தறிய முடியாது.

உச்சத்தை அறிய ஒரு குறுக்குவழி

நான் பாவிப்பது ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள். இலவசம், 2000ஆம் ஆண்டிலிருந்து வெளிவருகிறது. கன்ட்ரோலும் ஏயும் அழுத்தி முழுவதையும் தெரிவுசெய்து, எஃபெக்ட் பட்டியலில் 'ஆம்ப்ளிஃபை'யைத் திறங்கள். அங்கே முதலில் வாசிக்கப்படும் எண், உச்சச் சத்தம் பூஜ்ய டெசிபெல்லைத் தொட இன்னும் எவ்வளவு கூட்டலாம் என்பது. 6.2 என்று வாசித்தால் உங்கள் உச்சம் மைனஸ் 6.2 டெசிபெல். எண்ணைக் கேட்டுவிட்டு எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள், பதிவில் ஒன்றும் மாறியிருக்காது. எண்ணுக்கு முன் மைனஸ் வந்தால் உச்சம் பூஜ்யத்தைத் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குறி காதில் நழுவக்கூடும். அம்புவிசையால் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக் கேட்பது நல்லது.

உச்சம் மட்டும் போதாது

யாரோ மைக்கைத் தட்டியிருப்பார். அந்த ஒரு தட்டல் உச்சத்தைத் தொட்டுவிடும், ஆனால் மௌலவியின் குரல் கீழேயே கிடக்கும். மனிதக் காது உணர்வது சராசரி உரப்பை. அதை அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வகுத்தது. அதன் அலகு எல்.யு.எஃப்.எஸ். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இல் மைனஸ் 23ஐத் தங்கள் அளவாக எடுத்தார்கள். ஆடாசிட்டியின் 'லவுட்னஸ் நோர்மலைசேஷன்' ஜன்னலிலும் அந்த எண்தான் முதலில் நிற்கும். ஓட்டோவிலும் அடுப்படியிலும் ஃபோனில் கேட்பவர்களுக்கு அது காணாது. நான் பேச்சுக்கு மைனஸ் 16 வைக்கிறேன். ஒவ்வொரு பயானும் அதே அளவில் போவதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர் ஃபோன் பொத்தானைத் தேட வேண்டியதில்லை.

கேள்வியும் பதிலும்

மிகச் சிரமமானது கேள்வி பதில் நிகழ்ச்சி. மௌலவியின் வாயருகே மைக் இருக்கும். கேள்வி கேட்பவர் பின்வரிசையில் மைக் இல்லாமல் எழும்பி நிற்பார். முழுப் பதிவையும் ஒரேயடியாகக் கூட்டினால் இடைவெளி அப்படியே இருக்கும், பதில் மட்டும் காதைக் கிழிக்கும்.

இதற்கு அனலைஸ் பட்டியலில் 'கான்ட்ராஸ்ட்' என்றொரு கருவி உண்டு. இணையத்தளங்களின் அணுகல் வசதிக்கான 2008ஆம் ஆண்டு வழிகாட்டி, பேச்சைவிடப் பின்னணிச் சத்தம் 20 டெசிபெல் குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதைச் சோதிப்பதற்கான கருவி இது. நான் இதை இரண்டு குரல்களை ஒப்பிடப் பயன்படுத்துகிறேன். பதிவு ஓடும்போது இடப்பக்கச் சதுர அடைப்பை அழுத்தினால் தெரிவு அங்கே தொடங்கும், வலப்பக்க அடைப்பு அதை முடிக்கும். பதிலில் ஒரு துண்டை முன்னொலியாகவும் கேள்வியைப் பின்னொலியாகவும் அளந்தால் இரண்டின் சராசரியும் வித்தியாசமும் எண்ணாக வரும். பதில் மைனஸ் 20, கேள்வி மைனஸ் 34 என்றால் இடைவெளி 14. கேள்வியை 10 டெசிபெல் கூட்டுகிறேன். மிச்ச நாலையும் கூட்டுவதில்லை. தூரத்திலிருந்து ஒருவர் கேட்கிறார் என்ற இயல்பு இருக்கட்டும்.

கூட்டும்போது மின்விசிறி இரைச்சலும் சேர்ந்து கூடும். அதனால் வரிசை முக்கியம். முதலில் இரைச்சலைக் குறையுங்கள். பிறகு ஆளுக்கு ஆள் அளவைச் சரிசெய்யுங்கள். அதன்பின் முழுப் பதிவின் சராசரி. கடைசியாக லிமிட்டரால் உச்சத்தை மைனஸ் 1இல் நிறுத்துங்கள்.

பதியும்போதே கவனம்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலிருந்து நேரே வயர் எடுத்துப் பதிந்தால் பல தடவை சத்தம் உடைந்து வரும். உடைந்ததைப் பின்னால் குறைத்தாலும் உடைவு போகாது. உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில் நிற்கும்படி பதியச் சொல்லுங்கள். 'ஃபைண்ட் கிளிப்பிங்' உடைந்த இடங்களில் அடையாளம் இடும், அதை வாசிப்பான் சொல்லும். ரீப்பர் என்ற இன்னொரு ஒலித்தொகுப்பு மென்பொருளைப் பாவிப்பவர்களுக்கு ஓசாரா என்ற இணைப்பு இருக்கிறது. சத்தம் நீங்கள் வைத்த எல்லையைத் தாண்டினால் அதன் 'பீக் வாட்சர்' அப்போதே குரலில் அறிவிக்கும். ஓசாராவை உருவாக்கிய ஜேம்ஸ் டெ, 2006இல் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏயை அவரோடு சேர்ந்து கட்டியெழுப்பியவர். இருவரும் பார்வையற்ற அவுஸ்திரேலியர்கள். நமக்கு என்ன தேவை என்று தெரிந்தவர்கள் செய்த கருவிகள் இவை.

எண்கள் எல்லாம் சரியான பிறகுதான் காதுக்கு வேலை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் சத்தத்தை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். குறைந்த சத்தத்தில் எந்தச் சொல் காணாமற் போகிறதோ, அங்கே இன்னும் வேலை மிச்சம்.

நம் ஊர்களில் பள்ளிவாசல்களுக்கும் பாடசாலைகளுக்கும் ஒலிப்பதிவு செய்து கொடுக்க ஆள் தேவை. பார்வையற்ற தம்பி, தங்கைகளிடம் அந்த வேலையை நம்பிக் கொடுக்கலாம். கொடுக்கும்போது கூலியும் பேசிக் கொடுங்கள்.