வேலைத்தலத்தில் காயமா? முதல் மூன்று நாட்களே முக்கியம்

ஒன்ராறியோவில் வேலைத்தலக் காப்பீட்டின் கீழ் வரும் தொழிலாளி ஒருவர், வேலையில் காயப்பட்டால் தன் முதலாளிமீது வழக்குப் போட முடியாது. ரொறன்ரோவில் இருபது வருடம் வேலை செய்தவர்களிலும் பலருக்கு இது தெரியாது. 1913இல் நீதிபதி வில்லியம் மெரிடித் அரசுக்குக் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1914இல் சட்டம் இயற்றப்பட்டு, 1915 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வழக்குப் போடும் உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக, தவறு யாருடையது என்று கேட்காமலே நட்டஈடு கொடுக்கும் நிதி ஒன்று உருவானது. அந்த நிதிக்குப் பணம் கட்டுவது முழுக்க முழுக்க முதலாளிகளின் பொறுப்பு. இன்று அதை நடத்துவது டபிள்யூஎஸ்ஐபி என்று எல்லோரும் சொல்லும் வேலைத்தலப் பாதுகாப்புக் காப்பீட்டுச் சபை.

வழக்குப் போடும் வழி அடைபட்ட பிறகு, காயப்பட்டவருக்கு மிஞ்சியிருப்பது இந்த நட்டஈடு மட்டும்தான். அதையும் கோராமல் விட்டால் கையில் ஒன்றுமே இல்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் வெயர்ஹவுஸ், பேக்கரி, துப்புரவு, கட்டட வேலைகளில் நிற்கும் தமிழர்களில் கோராமல் விடுபவர்கள் குறைவல்ல. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒன்று. “இதெல்லாம் ஒரு காயமா” என்ற கூச்சம் இன்னொன்று.

அன்றே செய்ய வேண்டியது

முதலில் முதலுதவி, அடுத்தது முறைப்பாடு. சூப்பர்வைசரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். வாயால் சொன்னதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது, உடம்பில் எங்கே அடிபட்டது, யார் பார்த்தார்கள் என்று கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தியாக அவருக்கே அனுப்பிவிடுவது நல்லது. நேரமும் திகதியும் அதில் தானாகவே பதிவாகும். காயப்பட்ட நாளுக்குரிய முழுச் சம்பளத்தையும் முதலாளி கொடுக்க வேண்டும். வைத்தியசாலைக்குப் போக வாகனம் தேவைப்பட்டால் அந்தச் செலவும் அவருடையதே.

அவசர சிகிச்சைப் பிரிவிலோ குடும்ப வைத்தியரிடமோ சொல்லும் முதல் வாக்கியம் “இது வேலையில் நடந்தது” என்பதாக இருக்கட்டும். எந்த வைத்தியரிடம் போவது என்பதை முதலாளி தீர்மானிக்க முடியாது, அது காயப்பட்டவரின் தெரிவு. வேலைக்காயம் என்று தெரிந்தால் வைத்தியர் எட்டாம் இலக்கப் படிவத்தை நிரப்பிச் சபைக்கு அனுப்புவார். அதற்குரிய கட்டணத்தைச் சபையே அவருக்குக் கொடுக்கும்.

இங்கேதான் பலருடைய கோரிக்கை தொடங்கும் முன்பே முடிந்துபோகிறது. “வீட்டில விழுந்தனான் எண்டு சொல்லுங்கோ, ரெண்டு கிழமைச் சம்பளத்தை நாங்கள் தாறம்” என்று தெரிந்த சூப்பர்வைசர், சில வேளை சொந்த ஊர்க்காரரே, அன்பாகச் சொல்வார். அந்த இரண்டு கிழமைக்குள் முதுகு சரியாகிவிட்டால் சிக்கலில்லை. சரியாகாமல் ஆறு மாதம் இழுத்தால், வைத்தியசாலைப் பதிவில் இருப்பது “வீட்டில் விழுந்தார்” என்பதுதான். தன் வாயால் சொன்ன பொய்யைத் தானே முறியடிக்க வேண்டிய நிலை வரும். அதைவிடக் கடினமான கோரிக்கை வேறில்லை.

மூன்று படிவங்கள்

வைத்திய சிகிச்சை தேவைப்பட்டாலோ, வேலை நாள் இழக்கப்பட்டாலோ, சம்பளம் குறைந்தாலோ, அதை அறிந்த மூன்று வேலை நாட்களுக்குள் முதலாளி ஏழாம் இலக்கப் படிவத்தைச் சபைக்கு அனுப்ப வேண்டும். அதன் பிரதி ஒன்றைத் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, வரிவரியாக வாசிக்க வேண்டும். விபத்து நடந்த விதமோ சம்பளத் தொகையோ பிழையாக எழுதப்பட்டிருந்தால் உடனே எழுத்தில் மறுக்க வேண்டும்.

தொழிலாளி நிரப்ப வேண்டியது ஆறாம் இலக்கப் படிவம். இணையத்திலும் அனுப்பலாம். விபத்து நடந்து ஆறு மாதங்களுக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். முதலாளி அனுப்புவார் என்று காத்திருக்கத் தேவையில்லை. அவர் அனுப்பாவிட்டாலும், அவர் சபைக்கு ஒரு சதம்கூடக் கட்டாதவராக இருந்தாலும், கட்டாயக் காப்பீட்டுக்குள் வரும் தொழிலென்றால் தொழிலாளிக்கு உரிமை உண்டு. காசுக்கு வேலை செய்தவருக்கும், குடிவரவு விண்ணப்பம் இன்னும் முடிவாகாதவருக்கும் இது பொருந்தும்.

ஆறாம் படிவத்தை நிரப்பும்போது இரண்டாவது வேலையை மறக்கக் கூடாது. பகலில் ஃபக்டரி, இரவில் துப்புரவு என்று வாழ்பவர்கள் நம்மில் ஏராளம். ஃபக்டரியில் கை முறிந்தால் இரவு வேலையின் வருமானமும்தான் போகிறது. இரண்டையும் சேர்த்தே சபை வருமானத்தைக் கணிக்கும், ஆனால் இரண்டாவது வேலையைக் காயப்பட்டவர்தான் சொல்ல வேண்டும், சம்பளச் சிட்டையோடு.

விழுந்து அடிபடுவது மட்டும் வேலைக்காயம் அல்ல. பத்து வருடம் ஒரே அசைவைச் செய்து தோள்பட்டை தேய்ந்ததும், மணிக்கட்டு நரம்பு நெரிந்து விரல் மரத்ததும் இதற்குள் அடங்கும். 2018 ஜனவரி 1 முதல், வேலைத்தலத் துன்புறுத்தல் போன்ற காரணங்களால் வரும் நாட்பட்ட மன அழுத்தத்துக்கும் கோரலாம். மெல்ல மெல்ல வரும் இத்தகைய பாதிப்புகளில், வேலைதான் காரணம் என்று வைத்தியர் எழுதிய திகதி மிகவும் பயன்படும்.

எல்லாத் தொழிலும் கட்டாயக் காப்பீட்டுக்குள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வங்கிகளும் சில அலுவலகத் தொழில்களும் வெளியே நிற்கின்றன. சுயதொழில் செய்பவர்கள் விரும்பினால் தாமே காப்பீடு வாங்கலாம். கட்டடத் தொழிலில் மட்டும் 2013 முதல் சுயதொழில் செய்பவர்களுக்கும் பெரும்பாலும் கட்டாயம். “நீங்கள் கொன்ராக்டர்தானே” என்று முதலாளி சொல்வதால் ஒருவர் கொன்ராக்டர் ஆகிவிட மாட்டார். வேலை நேரத்தையும் முறையையும் யார் தீர்மானிக்கிறார்கள், கருவிகள் யாருடையவை என்பவற்றைப் பார்த்துச் சபையே முடிவு செய்யும். பார ஊர்தி ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

கையில் எவ்வளவு வரும்

வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, காயப்பட்ட மறுநாளிலிருந்து, கைக்கு வரும் நிகர சம்பளத்தின் 85 வீதத்தைத் தருவதாக 1997ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன்னர் இது 90 வீதமாக இருந்தது, காயப்பட்டோர் அமைப்புகள் இழந்த அந்த ஐந்து வீதத்தைத் தொடர்ந்து கேட்டு வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் வேலைக்காயத்துக்குத் தருவதும் 90 வீதமே, ஆனால் அங்கே தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் ஒரு பங்கு பிடிக்கப்படுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குக் கிழமைக்கு 900 டொலர் சம்பளம், கழிவுகள் போகக் கைக்கு 740 என்று வைத்துக்கொள்வோம். சபையிடமிருந்து அவருக்குக் கிழமைக்கு 629 டொலர் கிடைக்கும், அதற்கு வருமான வரி இல்லை. அதே ஆள் வேலைக்காயம் என்று சொல்லாமல் இஐ என்ற வேலையிழப்புக் காப்பீட்டின் நோய்க்கால உதவிக்கு விண்ணப்பித்தால், 900இன் 55 வீதமாக 495 டொலர் வரும். அதற்கு வரியும் உண்டு, அதிகபட்சம் 26 கிழமைகளில் நின்றுவிடும். மறைப்பதால் கிழமைக்கு 134 டொலருக்கு மேல் இழப்பு.

அவர் பாதி நேர வேலைக்குத் திரும்பி, கைக்கு 420 டொலர் எடுக்கிறார் என்றால், இழந்த 320 டொலரின் 85 வீதமான 272 டொலரைச் சபை தரும். முதல் 12 கிழமைகளுக்கு அண்மைய சம்பளத்தை வைத்துக் கணிப்பார்கள். வேலை நேரம் ஏறி இறங்குபவர்களுக்கு 13ஆவது கிழமையிலிருந்து நீண்டகாலச் சராசரியைக் கொண்டு மீண்டும் கணிக்கக்கூடும். தொகை திடீரென்று குறைந்தால் கணக்கு விபரத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

வரி விடயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பணத்துக்கு வரி இல்லாவிட்டாலும், வருட முடிவில் டி5007 என்ற சிட்டை வரும். வரிப் பத்திரத்தில் அதை 14400ஆம் வரியில் காட்டி, 25000ஆம் வரியில் கழிக்க வேண்டும். நிகர வருமானத்தில் அது சேர்ந்திருப்பதால், பிள்ளைகளுக்கான கனடா உதவித்தொகையைக் கணிக்கும்போது அதுவும் கணக்கில் எடுக்கப்படும்.

வருமான இழப்பு ஒரு பகுதிதான். மருந்து, பிசியோதெரபி, வைத்தியரிடம் போய்வரும் செலவு என்று மாகாண மருத்துவக் காப்பீடான ஓஹிப் தராத பலவற்றைச் சபை கொடுக்கும், பற்றுச்சீட்டுகள் ஒவ்வொன்றையும் வைத்திருக்க வேண்டும். உடலில் நிரந்தரப் பாதிப்பு மிஞ்சினால் அதற்குத் தனியே ஒரு தொகை உண்டு. வேலையில் உயிரிழந்தவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பனவும், இறுதிச் சடங்குச் செலவும் உண்டு. முதலாளி கட்டிவந்த பல், மருந்துக் காப்பீடு போன்றவற்றை ஒரு வருடம் வரை அவர் தொடர்ந்து கட்ட வேண்டும், தொழிலாளியின் பங்கு இருந்தால் அவர் அதைச் செலுத்தி வர வேண்டும்.

முதலாளி ஏன் தயங்குகிறார்

2025இல் முதலாளிகள் கட்டிய சராசரி, சம்பளத்தின் ஒவ்வொரு 100 டொலருக்கும் 1.25 டொலர். வருடத்தில் பத்து இலட்சம் டொலர் சம்பளம் கொடுக்கும் ஒரு தொழிலகத்துக்கு, சராசரி வீதத்தில் இது 12,500 டொலர். தொழிலின் ஆபத்தைப் பொறுத்து வீதம் மாறும், அந்த நிறுவனத்தில் முன்னர் எத்தனை காயங்கள் நடந்தன என்பதும் வீதத்தை ஏற்றி இறக்கும். “சொல்லாதையுங்கோ” என்பதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த ஏற்றம்தான். சின்ன முதலாளிக்கு அது சுமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தச் சுமையைக் காயப்பட்டவரின் முதுகில் ஏற்றச் சட்டம் இடம் தரவில்லை. கோரிக்கையைத் தடுப்பதும், மிரட்டுவதும், கைவிடச் சொல்லி நெருக்குவதும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வெளிப்படையாகவே தடைசெய்யப்பட்டவை. சம்பளத்திலிருந்து இந்தக் கட்டணத்தைப் பிடிப்பதும் தவறு.

ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. சட்டத்தின் கண்ணில் அவர்களுடைய முதலாளி ஏஜென்சி. காயம் நடப்பதோ இன்னொருவரின் ஃபக்டரியில். நோர்த் யோர்க்கில் உள்ள ஃபியேரா ஃபூட்ஸ் பேக்கரியில் 2016 செப்டம்பரில், ஏஜென்சி மூலம் வந்த 23 வயது அகதிப் பெண் ஒருவரின் தலைத்துணி இயந்திரத்தில் சிக்கி அவர் உயிரிழந்தார். 2017இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது, 300,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதற்குப் பின்னரும், 2019இல், அங்கே இன்னொரு ஏஜென்சித் தொழிலாளி இறந்தார். ஏஜென்சியில் வேலை செய்பவர் காயத்தை ஏஜென்சிக்கும் ஃபக்டரிக்கும் இரண்டு இடத்திலும் எழுத்தில் அறிவிப்பது அவசியம்.

குடியேறிகள் வேலையில் பலியாவது நம்மோடு தொடங்கிய கதையும் அல்ல. 1960 மார்ச் 17இல் ரொறன்ரோவின் ஹொக்ஸ் ஹொலோவில் நிலத்தடிக் குழாய்ச் சுரங்கத்தில் தீப்பிடித்து ஐந்து இத்தாலியக் குடியேறிகள் இறந்தார்கள். யோர்க் மில்ஸ் சப்வே நிலையத்தில் அவர்களுக்கான துணி ஓவியம் இருக்கிறது. 1983 ஜூன் 1இல், நட்டஈட்டை மாற்றும் திட்டம் பற்றிய விசாரணைக்கு ஆயிரக்கணக்கான காயப்பட்டோர் குயின்ஸ் பார்க்கில் திரண்டார்கள். உள்ளே இடம் போதாமல் விசாரணையே சட்டசபைப் படிக்கட்டுக்கு வந்தது. அந்த நாள் இன்றும் காயப்பட்ட தொழிலாளர் நாளாக நினைவுகூரப்படுகிறது.

வேலைக்குத் திரும்பும்போது

காயம் முழுதாக ஆறும் முன்பே “இலகுவான வேலை தருகிறோம், வாருங்கள்” என்று முதலாளி அழைப்பது வழமை. யோசிக்காமல் மறுத்தால் கொடுப்பனவு நிற்கும், யோசிக்காமல் ஏற்றால் காயம் கூடும். என்ன வேலை, எத்தனை மணி, எவ்வளவு பாரம் என்று எழுத்தில் வாங்கி வைத்தியரிடம் காட்ட வேண்டும். எது முடியும், எது முடியாது என்று அவர் படிவத்தில் எழுதித் தருவார். செய்து பார்த்து நோ கூடினால், அன்றே வைத்தியருக்கும் சபையில் கோப்பைக் கவனிப்பவருக்கும் அறிவிக்க வேண்டும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை செய்தவரை, பொதுவாக இரண்டு வருடம் வரை திரும்ப வேலைக்கு எடுக்கும் கடமை முதலாளிக்கு உண்டு. தொழிலாளிக்கும் ஒரு கடமை இருக்கிறது. புது வேலை, சம்பள மாற்றம், உடல்நிலை மாற்றம் எதுவானாலும் 10 நாட்களுக்குள் சபைக்குச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போய் வருவதென்றாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவது பாதுகாப்பு.

மறுப்புக் கடிதம் வந்தால் அதில் உள்ள கடைசித் திகதியை முதலில் பார்க்க வேண்டும். வேலைக்குத் திரும்புவது தொடர்பான முடிவென்றால் மேன்முறையீட்டுக்கு 30 நாட்கள்தான். மற்ற முடிவுகளுக்கு ஆறு மாதம். முழு வாதத்தையும் அதற்குள் எழுதத் தேவையில்லை, முடிவை ஏற்கவில்லை என்ற படிவம் நேரத்துக்குப் போனால் உரிமை தப்பும். சபைக்குள்ளும் தோற்றால், அதற்கு வெளியே சுயாதீன மேன்முறையீட்டு மன்றம் ஒன்று இருக்கிறது.

சபையின் இலக்கம் 1-800-387-0750, தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்கலாம். யூனியன் உள்ளவர்கள் யூனியனிடம் போகலாம். யூனியன் இல்லாதவர்களுக்கு மாகாணத்தின் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக வாதாடும். ரொறன்ரோவில் 1969 முதல் இயங்கும் காயப்பட்ட தொழிலாளர் சமூக சட்ட மையமும் இந்த வேலையையே செய்கிறது. போகும்போது ஆறாம், ஏழாம் படிவப் பிரதிகள், சம்பளச் சிட்டைகள், வைத்தியர் கடிதங்கள், சபையின் முடிவுக் கடிதம், அன்று சூப்பர்வைசருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். மேன்முறையீடு என்று வந்ததும் தன் முழுக் கோப்பின் பிரதியையும் கேட்டுப் பெறலாம். முதலாளி என்ன எழுதினார், எந்தக் காரணத்தால் மறுப்பு வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.