படமே பாடமாகுமா?

கேள்வி: இணையவழியில் தையற்பயிற்சி நடத்த எண்ணியிருக்கிறேன். நீண்ட விளக்கங்கள் இன்றிப் படங்களையே பாடங்களாக வைத்தால் மாணவியர்க்கு விளங்குமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: சகோதரி, தங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும் சிதம்பரத்துக்கு ஒருமுறை சென்று, நடராஜர் ஆலயத்துக் கிழக்குக் கோபுர வாயிலின் இருபுறச் சுவர்களையும் நிதானமாகப் பார்த்து வாருங்கள் என்பதே என் முதல் விடை. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் கூறும் 108 கரணங்களை அங்கே வரிசையாகச் செதுக்கிய சிற்பிகள் அதனோடு நில்லாமல், அவற்றிற் பலவற்றுக்குரிய இலக்கணச் சுலோகங்களையும் கிரந்த லிபியில் உடன் பொறித்து வைத்தார்கள். முதற்கரணமாகிய தலபுஷ்பபுடத்தில் இரு கரங்களும் மலரேந்தியவைபோல் இடப்புறம் குவிந்திருப்பதைக் கண் பார்த்துக்கொள்கிறது. ஆனால் கரணம் என்பது கையும் காலும் சேர்ந்தியங்கும் அசைவாதலால், கல் காட்டுவது அதன் ஒரு கணத்தை மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் உள்ளதைச் சுலோகம் சொல்லவேண்டும். அச்சிற்பங்களை மீண்டும் அசைவுகளாக்க நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் அம்மையார் ஆண்டுக்கணக்கில் உழைக்க நேர்ந்தது, இதற்கு நல்ல சாட்சி.

ஆகவே ரவிக்கைக்குக் கை பொருத்தும் பாடத்தில், தைத்து முடித்த அழகிய படமொன்றை வைத்துவிட்டு நிறுத்தாதீர்கள். கையின் முன்வளைவு பின்வளைவைவிடச் சற்று ஆழமாக வெட்டப்படுவதை, துணிமேல் சாக்பீஸ் கோடு தெரியும்படி ஒரு படத்தில் காட்டி, இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் துணி சுருங்கி இழுக்கும் என்பதை அப்படத்தின் அருகிலேயே எழுதுங்கள். அடுத்த படத்தில், மாற்றித் தைத்த கையையே காட்டலாம்.